ஒரு டன் லேத்துக்கு 5 டன் பெல்ட் ஒன்று போதுமா?

கேள்வி கேட்டவர் வியாசர்பாடியில் ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கியிருக்கிறார். எடை ஏறக்குறைய ஒரு டன். அதை விச்சூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் தன் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்காரர் "கயிறு போட்டாலே போதும் சார்" என்கிறார். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் "5 டன்" என்று அச்சடித்த ராட்செட் பெல்ட்டை, அதாவது பல் சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் பட்டையைக் காட்டி, "ஒண்ணு போதும், அஞ்சு டன் தாங்கும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி, எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது என்பது கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அதிலும் கடைக்காரர் பேச்சுதான் கூடுதல் ஆபத்து. அதில் ஒரு எண் இருக்கிறதே! எண்ணைப் பார்த்ததும் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடும்.

அந்த 5 டன் என்ன என்று முதலில் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் அது அறுந்துபோகும் அளவு. அந்த அளவுக்கு நாம் அதை இழுக்கக் கூடாது. நேராக ஒரே இழுப்பில் அதை நம்பி வேலை வாங்கக்கூடியது பாதிதான், அதாவது இரண்டரை டன் சுமார். இதை எங்கே பார்ப்பது என்றால், பெல்ட்டின் ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிளில். கடையில் பெல்ட்டை விரித்து, அந்த லேபிளைத் தேடிப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 12195-2 படி செய்ததென்றால் அதில் எல்.சி. என்று ஒரு எண் இருக்கும். அதுதான் வேலைக்கான தாங்குதிறன். அளவு டெகாநியூட்டனில் இருக்கும். ஒரு டெகாநியூட்டனைக் கிட்டத்தட்ட ஒரு கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் 2500 என்று இருக்கும். பக்கத்திலேயே 5000 என்றும் போட்டிருப்பார்கள். அது பெல்ட்டைப் பொருளைச் சுற்றி வளையமாகப் போட்டு இறுக்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து தாங்குவது. லேபிள் நீலமாக இருந்தால் பாலியஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிபுரொப்பிலீன். உங்களுக்கு நீலம்தான் வேண்டும். லேபிளே இல்லை, வெறும் பட்டையில் "5 டன்" என்று அச்சு மட்டும் இருக்கிறது என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அதே லேபிளில் எஸ்.டி.எஃப். என்று இன்னொரு எண் இருக்கும். கடைக்காரரும் அதைப் பார்ப்பதில்லை, வாங்குகிறவரும் பார்ப்பதில்லை. எனக்கு விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு ஆள் 50 கிலோ அளவுக்குக் கைப்பிடியை இழுத்தால், பெல்ட்டில் மிஞ்சி நிற்கும் இறுக்கம் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் அது. சாதாரண குட்டைக் கைப்பிடி ராட்செட்டில் 250 முதல் 350 வரை இருக்கும். நீளக் கைப்பிடி ரகத்தில் 500 வரை போகும். 5 டன் என்று எழுதிய பெல்ட் உங்கள் லேத்தின் மேல் இறுகி நிற்பது ஒரு பக்கத்துக்கு வெறும் 300 சொச்சம் கிலோவில்தான்!

லேத்துக்கு மேலே பெல்ட்டைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொக்கி மாட்டி இறுக்குவதுதான் நம் ஊரில் வழக்கம். அப்படிக் கட்டும்போது பெல்ட் லேத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. கீழ்நோக்கி அமுக்குகிறது, அவ்வளவுதான். நகராமல் நிறுத்துவது தளத்துக்கும் லேத்துக்கும் இடையிலான உராய்வு. எனவே பெல்ட் எத்தனை டன்னில் அறும் என்பது இங்கே பேச்சே இல்லை. எவ்வளவு அமுக்குகிறது, கீழே எவ்வளவு வழுக்குகிறது, இந்த இரண்டுதான் கணக்கு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். சடாரென்று பிரேக் போட்டால், லோடு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று எடுத்துக்கொள்வது விதி. திருப்பத்தில் பக்கவாட்டிலும், வண்டி கிளம்பும்போது பின்னாலும் பாதிப் பங்கு. ஒரு டன் லேத் என்றால் முன்னால் பாய்வது 800 கிலோ. மரப்பலகை மேல் இரும்பு நின்றால் உராய்வு சுமார் 0.3 என்று வைப்போம். லேத்தின் சொந்த எடையே 300 கிலோவைத் தடுத்துவிடும். பாக்கி 500. அதோடு கால் பங்கு பாதுகாப்புக்குச் சேர்த்தால் 625. ஒரு பெல்ட் இரண்டு பக்கமும் 350 வீதம் 700 கிலோ அமுக்கும், அதில் 0.3 பங்கு, 210 கிலோ தடுக்கும். அப்படியானால் குறைந்தது மூன்று பெல்ட். இதுவும் பெல்ட் செங்குத்தாகக் கீழே இறங்கினால்தான். தளத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் படுத்துக்கொண்டு போனால் அமுக்கம் பாதியாகிவிடும், பெல்ட் இரண்டு மடங்கு வேண்டும்.

வண்டித் தளம் வெறும் இரும்புத் தகடாக இருந்து, அதில் எண்ணெய் வேறு சிந்தியிருந்தால்? உராய்வு 0.2, அல்லது அதற்கும் கீழே. 0.2 என்று வைத்தாலே ஆறு பெல்ட் கேட்கும். பழைய லேத்தின் அடியில் எண்ணெய் இல்லாமல் இருக்கவே இருக்காது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து தகடும் கம்பியும் ஏற்றி வரும் வண்டிகளில் லோடு முன்னால் நகர்ந்து கேபினை முட்டுவதற்கும் காரணம் இதுதான். இரும்பு மேல் இரும்பு வழுக்குகிறது.

இப்போது அதே லேத்தின் அடியில் உராய்வு ரப்பரை வையுங்கள். உராய்வு 0.6 ஆகிவிடும். சொந்த எடையே 600 கிலோ தடுக்கும். பாக்கி 200, பாதுகாப்போடு 250. ஒரு பெல்ட்டே 420 கிலோ தடுக்கும். மூன்று பெல்ட் செய்ய வேண்டிய வேலை ஒரு பெல்ட்டில் முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பெல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ரப்பருக்குச் செலவழியுங்கள் என்பேன். இதற்கென்றே செய்த ரப்பர் பாய் கிடைக்கிறது. அது கிடைக்காத இடத்தில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு வைப்பார்கள். எதுவும் இல்லாததற்கு அது மேல், ஆனால் அதற்கு முழு 0.6 கணக்கில் வைக்காதீர்கள். லேத்தின் கால் அடியையும் தளத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு வையுங்கள். எண்ணெய் மேல் ரப்பர் போட்டால் அதுவே சறுக்குப் பலகைதான்.

ஒரு பெல்ட் போதும் என்று கணக்கு சொன்னாலும் ஒன்றோடு கிளம்பக் கூடாது. ஒரு கொக்கி நழுவினால் மிச்சம் பூஜ்யம் என்ற நிலையில் எந்த லோடும் ரோட்டுக்கு வரக் கூடாது. உங்கள் லேத்துக்கு நான் சொல்வது நான்கு பெல்ட்.

அந்த நான்கையும் மேலே குறுக்காகப் போட வேண்டாம். லேத்தில் மேலே போட இடமே இல்லை. கியர்கள் இருக்கும் தலைப்பக்கமான ஹெட்ஸ்டாக் மேல் கியர் லிவர்கள் இருக்கும். நடுவில் போட்டால் பெல்ட், நீளவாக்கில் ஓடும் லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு என்ற தண்டுகள் மேல் இறுகும்; வளைந்த லீட் ஸ்க்ரூவோடு த்ரெட் போட முடியாது. அதனால் லேத்தின் நீள வார்ப்பிரும்பு உடலான பெட்டின் உள்ளே குறுக்கே இருக்கும் விலாப் பாலங்களைச் சுற்றிப் பெல்ட்டை விட்டு, நான்கு மூலைக்கும் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முன்னோக்கி, இரண்டு பின்னோக்கி. இப்படிக் கட்டும்போதுதான் பெல்ட் லேத்தை நேரடியாகப் பிடிக்கிறது, எல்.சி. 2500 என்ற எண்ணுக்கு இங்கேதான் வேலை. பின்னோக்கி இழுக்கும் இரண்டும்தான் பிரேக் போடும்போது லேத்தைப் பிடிப்பவை. அவை சாய்வாகப் போவதால் முழு 2500-ம் கிடைக்காது. கிடைப்பதே உங்கள் ஒரு டன்னுக்கு ஏராளம்.

கவிழ்வதையும் யோசிக்க வேண்டும். நகர்வதைவிட லேத்துக்கு அதுதான் பெரிய பயம். கால் ஒடுக்கம், கனம் முழுக்க மேலே, அதிலும் ஹெட்ஸ்டாக் பக்கம். எடையின் மையம் இருக்கும் உயரத்தைவிடக் காலின் அகலம் குறைவாக இருந்தால், பக்கவாட்டில் பாதிப் பங்கு விசைக்கே சாய்ந்துவிடும். மாதவரம் ரவுண்டானாவை வேகமாகச் சுற்றினால் போதும். ஆகவே இரண்டு கனமான மரக்கட்டைகளை லேத்தின் காலுக்குக் குறுக்கே, இருபுறமும் நன்றாக வெளியே நீட்டும்படி வைத்து, அஸ்திவார போல்ட் ஓட்டைகள் வழியாக போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். இப்போது கால் அகலமாகிவிட்டது. ரப்பர் இந்தக் கட்டைக்கு அடியில் வர வேண்டும். வண்டியில் லேத் நீளவாக்கில், ஹெட்ஸ்டாக் கேபின் பக்கம் பார்க்க நிற்கட்டும். கட்டைக்கு முன்னால் தளத்தில் முட்டுக்கட்டை அடித்துவிட்டால் பெல்ட்டுக்குப் பாதி வேலை குறையும். ஏற்றுவதற்கு முன்பே பெட் மேல் நகரும் டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் பின்பக்கக் கடைசிக்குத் தள்ளிப் பூட்டுங்கள், வேலைப்பொருளைப் பிடிக்கும் "சக்"கைக் கழற்றித் தனியாகச் சாக்கில் கட்டுங்கள், மோட்டார் பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள்.

வண்டி பற்றி ஒரு வார்த்தை. குட்டியானை வேண்டாம். வழக்கமான ஏஸ் ரகத்துக்கு ஒரு டன் மிகை. தோஸ்த் போன்ற பிக்அப்போ 407 லாரியோ பேசுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு மிகைச்சுமைக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. அபராதத்தை விடுங்கள், மிகைச்சுமை ஏறிய சின்ன வண்டியில் பிரேக் பிடிக்காது.

கொக்கி எங்கே மாட்டுவது? நம் வண்டிகளின் பக்கப் பலகையில் வரிசையாக வெல்டிங் செய்திருக்கும் வளைந்த கம்பிகள் தார்ப்பாய்க் கயிற்றுக்காக வைத்தவை. ராட்செட்டைப் போட்டு இறுக்கினால் அவை நிமிர்ந்துகொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தளத்துக்கு அடியில் ஓடும் சேனலையோ சேஸியோடு சேர்ந்த வளையத்தையோ தேடி மாட்டுங்கள். கொக்கியின் அடி வளைவு முழுதாக உட்கார வேண்டும். நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் கொக்கி விரிந்துவிடும். பக்கப் பலகையைத் திறந்து வைத்துக் கட்டி, பிறகு மூடுவது வசதி.

இனி ராட்செட்டைக் கையாளும் விதம். இதைப் பலர் தவறாகத்தான் செய்கிறார்கள். கைப்பிடியில் இருக்கும் விரல் பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ராட்செட்டை விரித்துத் திறங்கள். நடுவில் பிளவுபட்ட அச்சு ஒன்று தெரியும். நீளப் பட்டையின் நுனியை அந்தப் பிளவில் கீழிருந்து விட்டு மேலே எடுத்து, வந்த திசையிலேயே திருப்பிப் போடுங்கள். இப்போது கைப்பிடியை ஆட்டத் தொடங்காதீர்கள். முதலில் நுனியைக் கையால் இழுத்துத் தளர்ச்சி முழுவதையும் எடுங்கள். பட்டை எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக இருக்கிறதா என்று கொக்கி வரை தடவிப் பாருங்கள். அப்புறம்தான் கைப்பிடி. அச்சில் குறைந்தது ஒன்றரைச் சுற்று விழ வேண்டும், இல்லையென்றால் பட்டை உருவிக்கொள்ளும். மூன்று சுற்றுக்கு மேல் போனால் சுருள் தடித்து உள்ளே சிக்கிக்கொள்ளும், பிறகு கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். கையால் தளர்ச்சி எடுக்காதவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வரும். பட்டை அச்சில் ஒரு பக்கமாக ஏறாமல் நடுவில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகியதும் கைப்பிடியை முழுவதுமாக மடக்கி, பூட்டு "டக்" என்று விழுந்த பிறகே கையை எடுங்கள். மிச்சப் பட்டையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் பின்சக்கரத்தில் சிக்கும்.

கைப்பிடியில் பைப்பைச் செருகி இறுக்குவது ஒரு கெட்ட பழக்கம். அந்த 50 கிலோ கை பலத்துக்குத்தான் பல் சக்கரமும் பூட்டும் செய்திருக்கிறார்கள். பைப் போட்டால் பல் உடையும், அல்லது கைப்பிடி திரும்பி வந்து தாடையில் அடிக்கும். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் நீளக் கைப்பிடி ரகத்தை வாங்குங்கள், இல்லையேல் இன்னொரு பெல்ட் போடுங்கள். பட்டை நீளம் போதவில்லை என்று இரண்டை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதும் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதிக்கும் கீழே போய்விடும்.

ஓரங்களைக் கவனியுங்கள். லேத் பெட்டின் தேய்த்த விளிம்பு விரலை வைத்தாலே வெட்டும். இறுகிய பாலியஸ்டர் அதன் மேல் உட்கார்ந்து, வண்டி குலுங்கக் குலுங்க ரம்பம் மாதிரி அறுபடும். மேலே பார்த்தால் பட்டை நன்றாகத்தான் தெரியும். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்க இழைகள் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். பட்டை விளிம்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மூலைக் காப்போ தடித்த ரப்பரோ வையுங்கள். கோணிச் சாக்கை மடித்து வைப்பது பெயிண்டைக் காப்பாற்றும், பெல்ட்டைக் காப்பாற்றாது.

கயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர் போடும் லாரி முடிச்சு நல்ல முடிச்சுதான். மூட்டைக்கும் தார்ப்பாய்க்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் பிளாஸ்டிக் கயிறு இழுவிசையில் நீளும், நார்க்கயிறு நனைந்தால் இறுகிக் காய்ந்தால் தளரும். இரும்பு எந்திரத்தை அதை நம்பி விடக் கூடாது. அவர் மனம் கோணாமல், தார்ப்பாயை அவர் கயிற்றாலேயே கட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு மழை படாமலும் இருக்கும்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் எல்லாக் கட்டும் தளரும். மரக்கட்டை அமுங்கும், ரப்பர் படியும், பட்டையும் சற்று நீளும். ஆகவே மூலக்கடை தாண்டி, ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் இறங்கி நான்கு பெல்ட்டையும் கையால் தட்டிப் பார்த்து இன்னொரு பல் இறுக்குங்கள். மணலியில் இன்னொரு முறை. அதற்கப்புறம் ஆண்டார்குப்பம் பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் ஓடி ஓடிப் பள்ளமாக்கிய ரோடு இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது லோடு ஒரு கணம் எடை இழக்கும், அந்தக் கணத்தில் உராய்வும் இல்லை. முட்டுக்கட்டையும் சாய்வுப் பெல்ட்டும் தங்கள் சம்பளத்தைச் சம்பாதிப்பது அங்கேதான்.

பெல்ட்டை ஒரு தடவைக்கு என்று வாங்கினாலும் அது வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும், ஆளுக்கு ஆள் இரவல் போகும். ஓரத்தில் வெட்டு அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 50 மில்லிமீட்டரில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். தையல் பிரிந்தாலும், கொக்கி விரிந்தாலும், வெல்டிங் பொறி பட்டு உருகிய புள்ளி தெரிந்தாலும் அப்படியே. வெயிலில் வெளுத்து மொரமொரப்பானதையும் நம்பாதீர்கள். பாலியஸ்டருக்கு அமிலத்தைவிடக் காஸ்டிக் சோடா போன்ற காரம்தான் எமன். மணலிப் பக்கம் ரசாயன டிரம் ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் ராட்செட் சீக்கிரம் துருப்பிடிக்கும். அச்சிலும் பல்லிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், பட்டையில் படாமல்.

விச்சூர் போய்ச் சேர்ந்ததும் உடனே கழற்றிவிடாதீர்கள். வழியில் லேத் கொஞ்சம் சாய்ந்து பெல்ட்டின் தயவில் நின்றுகொண்டிருக்கலாம். முதலில் நான்கு பக்கமும் பார்த்து, நேராக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, சாயக்கூடிய பக்கத்தில் ஆளை நிறுத்தாமல், ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பூட்டை இழுத்துக் கைப்பிடியை முழுக்க விரித்தால் இறுக்கம் மொத்தமும் ஒரே நொடியில் விடுபடும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள்.

லேத்தை இறக்க ஹைட்ரா கிரேன் வரும். அதில் ஸ்லிங், அதாவது தூக்கும் பெல்ட் இல்லையென்றால், அந்த ஆள் கண் முதலில் போவது கீழே கிடக்கும் உங்கள் புது ராட்செட் பெல்ட் மேல்தான். "5 டன் போட்டிருக்கே சார்" என்பார். கொடுக்காதீர்கள். தூக்கும் பெல்ட், சொன்ன எடையைப் போல ஏழு மடங்கு தாங்கும்படி செய்தது. கட்டும் பெல்ட்டில் அந்த மிச்சம் இரண்டு மூன்று மடங்குதான். "தூக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று உங்கள் லேபிளிலேயே இருக்கும். தூக்கும் பாலியஸ்டர் ஸ்லிங்குக்கு நிறம்தான் அடையாளம்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. உங்கள் லேத்துக்குப் பச்சை ஸ்லிங் இரண்டு போதும். அதை அவர் கொண்டுவருகிறாரா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.